முருகைத்திட்டு அளந்த நாள்

வினாயகமூர்த்திக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. கடலில் அவருக்கு வேலை வந்ததில்லை, அவ்வளவுதான். பதினோரு வருஷமாக மட்டக்களப்பில் அரசாங்க நில அளவையாளராக வயல்வட்டைகளையும் தென்னந்தோட்டங்களையும் அளந்துகொண்டிருந்தவரை 1936 வைகாசியில் கல்குடாவுக்கு அப்பால் கிடந்த முருகைத்திட்டை அளந்துவரச் சொன்னார்கள். திட்டு முழுவதும் முருகைக்கல், அதாவது பவளப்பாறை. வெட்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்க ஒப்பந்தத்துக்கு வேலை எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரர் விண்ணப்பம் போட்டிருந்தார். படிவத்தில் கட்டடம், பயிர், புதைகுழி என்ற மூன்றுக்கும் எதிரே பெரிய கிளாக்கர் முன்கூட்டியே பென்சிலால் ‘இல்லை’ என்று எழுதியனுப்பியிருந்தார். வினாயகமூர்த்திக்கு அது தப்பாகப் படவில்லை. பாதி வேலை முடிந்ததென்றே நினைத்தார்.

ஓட்டமாவடி ஹமீடின் தோணியில் ஏறப்போனால், தலையில் வெள்ளைச் சேலையை இழுத்துப் போட்டபடி ஒரு பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓலைப்பெட்டி.

“எங்கட ராத்தா, ஐயா. பேரு சித்தி நபீஸா. வருஷத்துக்கொருக்கா அங்க போறவ. குறை நினைக்காதீங்க” என்றான் ஹமீட், அக்காவைக் காட்டி.

திட்டை நெருங்கியபோது தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. அடியில் ஊதாவும் மஞ்சளுமாக முருகை கிளைவிட்டிருந்தது. கிளிமீன்கள் அதைக் கொறித்துக்கொண்டு திரிந்தன. சங்கிலி பிடிக்க வந்த கோணாமலைக்கு எதையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வழியெல்லாம் வாந்தியெடுத்தவன், கரையேறியதும் தாழம்புதர் நிழலில் சுருண்டுகொண்டான். ஹமீடுக்குத் தோணியை விட்டு வர முடியாது. அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.

“எதைப் பிடிக்கோணும்? தாங்க” என்றாள் நபீஸா.

அவள் முனையை வாங்கிக்கொண்டு நடந்தாள். ஆயிரக்கணக்கில் ஆலா என்னும் கடற்குருவிகள் எழும்பிக் கத்தின. கொஞ்ச தூரத்தில் அவள் நின்றுவிட்டாள்.

“நேரா போங்க ராத்தா.”

“நேரா போனா முட்டையில மிதிக்கோணும் ஐயா. நீங்களும் கீழ பாத்து நடங்க.”

குனிந்து பார்த்தார். கல்லும் முட்டையும் ஒரே நிறம். அவருடைய சப்பாத்தின் அடியில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. அதன்பிறகு அளவுக் கோட்டை மூன்று இடத்தில் வளைத்து அளந்தார். ஒரு மணித்தியாலம் கூடப்போயிற்று.

திட்டின் நடுவில் கபுறு ஒன்று, முஸ்லிம் ஒருவரைப் புதைத்த குழி, இருந்தது. சுற்றிவர முருகைக்கல் அடுக்கி, தலைமாட்டில் எழுத்து வெட்டிய ஒரு கருங்கல். நபீஸா சங்கிலியைக் கீழே வைத்துவிட்டுச் சாம்பிராணி கொளுத்தினாள்.

“ஆருட கபுறு?”

“அவுலியா, இறைநேசர் ஒருத்தர் எண்டு சொல்லுவாங்க. எந்த ஊரோ, எந்தக் கப்பலோ.”

“உங்கட சொந்தமா?”

“என்ட சொந்தம் கடலுக்க. என்ட புருஷன் போய் எட்டு வருஷமாப் போச்சு. மையித்துக் கூடக் கரையொதுங்கல்ல.” ஓலைப்பெட்டியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டேதான் சொன்னாள். “கபுறில்லாத மனிசனுக்கு எங்க நிண்டு ஓதுற? இவருக்குப் பக்கத்தில நிண்டு அவருக்கும் ஓதிப்போட்டுப் போவன்.”

வினாயகமூர்த்தி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “அவருக்கு என்ன பேரு?” என்று கேட்டார்.

“லெவ்வைத்தம்பி. எழுதப்போறீங்களா?”

“இல்ல, சும்மா கேட்டன்.”

அவள் ஓதி முடிக்கும்வரை தள்ளி நின்றார். பிறகு கபுறை அளந்தார். நீளம் பதினெட்டடி; அவுலியாக்களுக்கு அப்படித்தான் நீட்டிக் கட்டுவதாம். கருங்கல்லின் எழுத்து அவருக்கும் வாசிக்க வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. படம் வரைவதுபோல் கோடு கோடாகப் பார்த்து எழுதிக்கொண்டார். தோணியில் ஏறுமுன் படிவத்தை முழங்காலில் விரித்து, பென்சிலால் எழுதியிருந்த மூன்றாவது ‘இல்லை’யை ரப்பரால் அழித்துவிட்டு, ‘ஒன்று உண்டு; சனம் வந்து போகிறது’ என்று மையால் எழுதினார்.

கந்தோரில் பெரிய கிளாக்கர் படிவத்தை மேசையில் போட்டார். “ஒரு மண்மேட்டுக்காக இவ்வளவு மினக்கேடா?”

“இருக்கிறதை எழுதினன்” என்றார் வினாயகமூர்த்தி.

புதைகுழி என்று எழுதியான பின் ஊரில் ஆட்சேபம் கேட்டு விளம்பரம் ஒட்டாமல் திட்டைக் கொடுக்க முடியாது. ஒட்டினார்கள். ஓட்டமாவடியிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் எதிர்ப்பு மனுக்கள் வந்து குவிந்தன. கொந்தராத்துக்காரர் அலுத்துப்போய் வேறு பக்கம் கல்லைத் தேடிப் போனார். அடுத்த தையில் வினாயகமூர்த்திக்குப் புத்தளத்துக்கு மாற்றம் வந்தது. அது எதனால் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

சித்தி நபீஸாவுக்கு இந்தக் கதையொன்றும் தெரியாது. மறுவருஷம் வைகாசியில் தம்பியின் தோணியில் போய் இறங்கி, முட்டைகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால்வைத்து நடந்தாள்.