ஒற்றை மூக்கில் ஓர் அறிவிப்பு

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த காலத்தில், என் சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு. மூக்கடைப்பு ஸ்ப்ரே இல்லாத நாள் கிடையாது. ஏதோ ஒரு மழைக்காலச் சளிக்கு வாங்கியது. "மூணு நாளைக்கு மேல போடாதீங்க சார்" என்று மருந்துக்கடைக்காரர் அப்போதே சொன்னார். சளி சொன்னபடி கிளம்பிவிட்டது. ஸ்ப்ரே மட்டும் வீட்டோடு மாப்பிள்ளையாக வருடக்கணக்கில் தங்கிவிட்டது.

எனக்காகவே அந்தக் கம்பெனி தனி ஷிஃப்ட் ஓட்டியது என்று நான் சொன்னால் என் மனைவி மறுக்கமாட்டாள். ஒருமுறை அதை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பி, பாதி வழியில் பஸ்ஸிலிருந்து குதித்துத் திரும்பி ஓடினேன். அந்த ஓட்டத்தை யாராவது அளந்திருந்தால் பதக்கமே கொடுத்திருப்பார்கள்.

எங்கள் அறிவிப்பு அறை, அலமாரிக்கு ஜன்னல் வைத்தது போல இருக்கும். இரண்டு நாற்காலி, ஒரு மைக். சரக்கு ரயில் போனால் டீ டம்ளர் மேசை மேல் தானாக நடக்கும். பக்கத்து நாற்காலியில் அக்கா. எனக்கு முன்பே வேலையில் சேர்ந்தவர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பதும், கடைசியில் பிளாட்பார எண்ணும் அவருடையது. நடுவில் வண்டியும் நேரமும் என்னுடையது. எனக்குப் பீச்சாங்குழல் என்று பெயர் வைத்தது அவர்தான்.

"பீச்சாங்குழல், அடிச்சாச்சா? மைக்கைப் போடவா?"

"இருங்கக்கா, வலது பக்கம் பாக்கி."

"வண்டி வந்து நிக்குதுப்பா. உன் மூக்கு பச்சைக்கொடி காட்டினாத்தான் கிளம்பும் போல."

நாளாக ஆக, அடித்து அரை மணி நேரம்கூட மூக்கு திறந்திருக்கவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அந்தம்மா உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப சளியே இல்ல. அடைக்கிறதே இந்த மருந்துதான்" என்றார். "ஒரேயடியா விட்டா தாங்கமாட்டீங்க. முதல்ல இடது பக்கம் நிறுத்துங்க. அது திறந்ததும் வலது."

நிறுத்தியதும் இடது பக்கம் செங்கல் வைத்துப் பூசியது போல அடைத்துக்கொண்டது. உப்புத் தண்ணீர் விட்டேன். அதில் ஒரு சின்னக் கடலே உள்ளே போயிருக்கும். நான் விட்ட குறட்டையைக் கேட்டு, நாங்கள் ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோமா என்று எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார். பிறகு ஒரு காலையில், துவைத்த துணியோடு மனைவி என்னைக் கடந்து போனபோது, இடது மூக்கில் குப்பென்று ஒரு வாசனை.

"என்ன, புது சோப்பா?"

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். "சின்னவ பொறந்ததுலேர்ந்து இதே சோப்புதான்."

அந்த வாரமே நிலைய மேலாளர் அறைக்குள் வந்தார். "மெஷின் வருது. உங்க ரெண்டு பேர் குரலையும் துண்டு துண்டா பதிவு பண்ணி அதுல ஏத்திருவாங்க. நீங்க ரிட்டயர் ஆனாலும் குரலுக்கு ரிட்டயர்மெண்ட் கிடையாது."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பதிவு நாள் வந்தபோது வலது மூக்கை நிறுத்தி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் காற்று எட்டிப் பார்க்கவும் இடமில்லை.

பதிவு செய்ய வந்தவர் ஹெட்போனைக் கழற்றினார். "சார், குரல் பானைக்குள்ளேர்ந்து வருது." தன் பையைத் துழாவி, அதே ஸ்ப்ரேயை எடுத்து மேசை மேல் வைத்தார். "ஒண்ணு அடிங்க. நானும் இதுலதான் ஓடிட்டிருக்கேன்."

ஒரே ஒரு பீச்சு அடித்தால் போதும். குரல் மணி போல ஒலிக்கும், அந்த மெஷின் உள்ளவரை. வலது மூக்கு மட்டும் மறுபடி முதலிலிருந்து. கை பாட்டிலைப் பிடித்தேவிட்டது.

"அடிச்சுக்கோப்பா" என்றார் அக்கா. "நீ கணீர்னு பேசினாத்தான் பக்கத்துல எனக்கும் கௌரவம்."

எனக்கு அந்தச் சோப்பு வாசனை ஞாபகம் வந்தது. பாட்டிலைப் பதிவுக்காரர் பக்கமே தள்ளினேன். "குரலை இப்படியே பதிவு பண்ணிக்குங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நானும் மூக்கைப் புடிச்சுக்கிட்டுப் பேசறேன். ஜோடியா இருக்கட்டும்."

மேலாளர் உட்பட எல்லோரும் சிரித்து ஓய்ந்து பதிவை முடிக்க மதியமாகிவிட்டது. அடுத்த மாதம் வலது பக்கமும் திறந்தது. மறுபதிவு கேட்டுப் பார்த்தேன். மேலாளர் கையை விரித்துவிட்டார்.

அக்கா இப்போது மகள் வீட்டோடு வேறு ஊரில். எங்கள் அறையில் துடைப்பமும் வாளியும் குடியிருக்கின்றன. யாரையாவது வழியனுப்பப் போனால், வண்டி கிளம்பிய பிறகும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் பக்கத்தில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தோல் மணம், டீசல், கழுவிவிட்ட தரையின் பினாயில் எல்லாவற்றையும் இரண்டு மூக்காலும் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் அக்கா ஆரம்பித்தார். அடுத்து நான், பானைக்குள்ளிருந்து.

"பாவம், இந்த ஆளுக்கு வருஷம் பூராவும் சளி" என்றார் ஆரஞ்சுக்காரர். "நாலு பேரு சேர்ந்தாவது ஒரு ஸ்ப்ரே வாங்கித் தரக்கூடாதா."

"கொஞ்சம் இருங்க சார்" என்றேன். "அந்தம்மா பிளாட்பாரம் சொல்லட்டும்."