பதினேழாம் கம்பி

ஊருக்கு முதன்முதலாகக் கரண்டு வந்தபோது எல்லோரும் விளக்கைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த விளக்குக்குப் பின்னால் ஒரு கரிமலை இருப்பதையும், அது தானாகவே தீப்பிடிக்கும் என்பதையும் யார் யோசித்தார்கள்? பவர் ஹவுஸில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். எல்லோரையும்விடக் கம்பிக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

நிலக்கரியைக் குவித்துவைத்தால் உள்ளே சூடு ஏறும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள் கனன்று கனன்று பொந்தாகிவிடும். மேலே ஆள் கால் வைத்தால் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு முன் கரி சுமக்கும் கூடைக்காரப் பெண் ஒருத்தி அப்படித்தான் போனாள். அவளை வெளியே எடுத்த விதத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது, விடுங்கள். அதன் பிறகுதான் குவியலில் இருபத்திரண்டு இரும்புக் கம்பிகளைச் செருகி, அவற்றைப் பார்க்கவென்று ஓர் ஆளைப் போட்டார்கள். அவர்தான் கம்பிக்காரர்.

காலையிலும் மத்தியானமும் ஒவ்வொரு கம்பியாக உருவி, கரிக்குள் இருந்த முனையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு எண்ணுவார். பத்துவரை பிடிக்க முடிந்தால் "சில்லு" என்று குரல் கொடுப்பார். கூடைக்காரப் பெண்கள் அந்த இடத்தில் ஏறிக் கரி வாரலாம். ஐந்திலேயே கை விட்டுவிட்டால் அங்கே தோண்டிப் பரப்ப வேண்டும். பிடிக்கவே முடியாவிட்டால் விசில். தெர்மாமீட்டர் வேண்டுமா என்று மேலிடத்தில் கேட்டபோது, "எங்க ஆள் கை இருக்கும்போது அது எதுக்கு?" என்று என்ஜினியர் சொல்லிவிட்டார். அன்றைக்குக் கம்பிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கைதான் அவரை ஏமாற்றியது. ஒரு மாதத்துக்கு முன்னால், கொதிக்கிற வெந்நீர்ப் பானையைத் துணியில்லாமல் அடுப்பிலிருந்து இறக்கிவைத்தார். மனைவி வாயைப் பிளந்தாள்.

"கை என்ன, கல்லுல செஞ்சதா?"

"பழகின கை, அப்படித்தான் இருக்கும்," என்று சிரித்து மழுப்பினார். மறைவாகப் போய் உள்ளங்கையைப் பார்த்தால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கொப்புளம். கடுகளவுகூட வலி இல்லை.

சொன்னால் வேலை போகும். வேலையோடு பவர் ஹவுஸ் கொடுத்த வீடும் போகும். சொல்லாவிட்டால்? மலைமேல் ஏறும் ஏழு பெண்களில் ஒருத்தி அவர் மனைவி. ஐயோ, மனுஷன் பட்ட பாடு! முகம் துடைக்கிற சாக்கில் கம்பியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்க்கப் பழகிக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு தடவை "சில்லு" என்ற பிறகும் மனைவி கூடையோடு கீழே இறங்கும்வரை கண்ணை எடுக்கமாட்டார்.

அவளோ சில நாட்களில் போகிறபோக்கில், "ஏங்க, அந்த ஒன்பதாம் கம்பியை இன்னொரு தடவை உருவிப் பாருங்களேன்," என்பாள். பார்த்தால் நிஜமாகவே சூடாக இருக்கும். ஏதோ குருட்டாம்போக்கில் சொல்கிறாள் என்று அவர் விட்டுவிட்டார். கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா?

இரண்டாவது கொதிகலன் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, மேலிடத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். பவர் ஹவுஸ் முழுக்க வெள்ளையடித்தாயிற்று. பெண்கள் வெறுங்காலோடு நின்றால் நன்றாயிருக்காது என்று, அன்று காலையில் எல்லோருக்கும் கனத்த பூட்ஸ் கொடுத்தார்கள்.

"இதை இழுத்துக்கிட்டு நடக்கிறதுக்கு இன்னும் ரெண்டு கூடை தூக்கிடலாம்," என்று மனைவி முணுமுணுத்தாள்.

மத்தியானம் என்ஜினியர் விருந்தாளிகளைக் கரிமலைக்கு அழைத்துவந்தார். "இவர்தான் எங்க தெர்மாமீட்டர். எந்தக் கம்பின்னு நீங்களே சொல்லுங்க."

ஒருவர் குடையை நீட்டிப் பதினேழாம் கம்பியைக் காட்டினார். கம்பிக்காரர் உருவினார். வழக்கம்போல முகத்துப் பக்கம் கொண்டுபோகப் போனார்.

"என்னப்பா, கையில பிடிச்சுக் காட்டு," என்றார் என்ஜினியர்.

பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கை ஒன்றும் சொல்லவில்லை. ஏழு, எட்டு. கீழே மனைவி கூடையோடு காத்திருந்தாள். பத்து. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சில்லு," என்றார்.

கைதட்டினார்கள். மனைவி முதல் ஆளாக ஏறினாள். விருந்தாளிகள் மெஷின் ரூம் பக்கம் நகர்ந்தார்கள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. கரி வாடை அவருக்குத் தெரியும், கந்தக வாடை தெரியும். இது வேறு, ஏதோ பொசுங்குகிற வாடை. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு விரல்களைப் பிரித்தார். உள்ளங்கைத் தோல் கம்பியோடு உரிந்து வந்தது.

விசில் கழுத்தில் தொங்கியது. ஊதினால் வேலை, வீடு எல்லாம் போச்சு, மேலிடத்து ஆட்கள் முன்னாலேயே. அந்த நினைப்பில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி நின்றுவிட்டார். அந்த நொடிக்காகச் சாகும்வரை தன்னை அவர் மன்னிக்கவில்லை. பிறகு ஊதினார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார்.

"இறங்கு! ஏய், இறங்குடி!"

உச்சியிலிருந்து அவள் திரும்பினாள். "பத்துவரை பிடிச்சீங்களே?"

"என் கை செத்துப்போச்சு! ஒரு மாசமாச் செத்துப்போச்சு! இறங்கித் தொலையேன்!"

பாதி வழியில் இருந்த பெண்கள் குதித்து ஓடினார்கள். அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தாள். ஒரு காலை அதிலிருந்து உருவி வெறும் பாதத்தைக் கரியில் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் அலறினாள். கூடையை எறிந்துவிட்டுச் சரிந்து சரிந்து ஓடிவந்தாள். அவர் பாதி மலை ஏறி, கையை நம்பாமல் இரண்டு முழங்கைகளாலும் அவளை வளைத்துக்கொள்ள, இருவரும் உருண்டு விழுந்தார்கள். பின்னால் அவள் நின்ற இடம் உள்வாங்கியது. கூடையும் ஒற்றைப் பூட்ஸும் உள்ளே போயின. உள்ளேயிருந்து செக்கச்செவேலென்று தீ பார்த்தது.

என்ஜினியர் ஓடிவந்தார். "நீதானேய்யா சில்லுன்னு சொன்னே?"

கம்பிக்காரர் கையை விரித்துக் காட்டினார். என்ஜினியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வலிக்கலையா?"

"இல்லைங்க. ஒரு மாசமா எதுவும் தெரியலை."

"ஒரு மாசமாவா? இத்தனை நாள் ஒரு கம்பிகூடத் தப்பாப் போகலையே?"

வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "பானையை இறக்கின அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. கேட்டா இவர் தாங்கமாட்டார். தினமும் இவர் கம்பி உருவுறதுக்கு முன்னாடி நான் மேல ஒரு நடை வெறுங்கால்ல நடந்துட்டு வந்துடுவேன். எங்க சுட்டுச்சோ அந்தக் கம்பியைச் சொல்லிடுவேன். இன்னைக்கும் நடந்தேன். நீங்க கொடுத்த பூட்ஸுக்குள்ள ஒண்ணும் தெரியலை."

என்ஜினியர் பூட்ஸ் போட்டிருந்த மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். வீட்டைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தம் என்று கம்பிக்காரருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் அவள் அவருடைய மணிக்கட்டை அழுத்தினாள். "இங்க தெரியுதா?"

அவர் குனிந்து பார்த்தார். போன வாரம்வரை அங்கே தெரிந்துகொண்டிருந்தது. "இல்லை."

முழங்கைக்குக் கீழே அழுத்தினாள். "இங்க?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

முழங்கைக்கு மேலே போய் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆ!"

"அப்பாடா," என்றாள். அந்த இடத்தை அவள் ஆஸ்பத்திரி வாசல்வரை விடவே இல்லை.