மூக்கு மேஸ்திரி

கார்ப்பெட் கழுவும் தொழிலில் முட்டி தேயும், இடுப்பு விட்டுப்போகும். மூக்கு போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. மூக்கு மேஸ்திரிக்கு அதுதான் போனது.

அவருக்கு அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. அலுவலகமோ ஓட்டலோ தியேட்டரோ, உள்ளே போனதும் மனிதர் முட்டி போட்டு, கார்ப்பெட்டில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். "இது வெறும் தூசி, நுரை போட்டுத் தேய்ச்சா போதும்" என்பார். அல்லது, "அடியில ஏதோ ஊறிக் கிடக்கு, சுடுதண்ணி அடிச்சு உறிஞ்சணும்" என்பார். சொன்னால் சொன்னதுதான். அதற்கேற்ற இயந்திரத்தை அவர் மனைவி வண்டியிலிருந்து இறக்குவாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் உப்பு, புளி, மாமியார், ஜன்னல் கதவு என்று எல்லாவற்றுக்கும் அவரோடு மல்லுக்கு நின்றவள், அந்த மூக்கை மட்டும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் அவருடைய சட்டையே தீய்ந்து, கருகல் நெடி வீடெல்லாம் அடித்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். சட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஒடிந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும். அழகு, அந்தஸ்து என்று எதைப் பற்றியும் பீற்றிக்கொள்ளாத மனிதர் அவர். இருந்த ஒரே கர்வம் அந்த மூக்குதான்.

அதன்பிறகு அவள் ஒரு தந்திரம் செய்தாள். அவர் முட்டி போடுவதற்கு முன்னால், பேச்சோடு பேச்சாக, "யாரோ இங்க காபியக் கொட்டியிருக்காங்க போல" என்பாள். இல்லாவிட்டால், "ஐயே, பூசணம் பூத்துக் கிடக்கு" என்று முகத்தைச் சுளிப்பாள். அவர் குனிந்து, இழுத்து, நிமிர்ந்து, அதையே தன் கண்டுபிடிப்பாக அறிவிப்பார். "அப்படியா!" என்று அவளும் வாயைப் பிளப்பாள். வேலையும் தப்பில்லாமல் நடந்தது, மானமும் காப்பாற்றப்பட்டது.

எல்லாம் அவளுக்குச் சளி பிடிக்கும் வரைதான்.

அன்று விடுமுறை நாள். பெரிய அலுவலகம் ஒன்றின் மேல்மாடியில் வேலை. லிஃப்ட் வாசலிலிருந்து காபி மெஷின் வரைக்கும் கார்ப்பெட் கருத்துப் பிசுபிசுத்து, ஆட்கள் நடந்த தடம் ஒற்றையடிப் பாதையாகவே விழுந்திருந்தது. தரையோடு பசை போட்டு ஒட்டியிருந்ததால் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கவும் வழியில்லை. காலையில் எழும்போதே அவளுக்கு மூக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. தும்மலுக்குத் தூசியின் மேல் பழியைப் போட்டு, வண்டியிலேயே மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். சளி என்று தெரிந்தால் அவர் அந்தரத்தில் நிற்பார். அந்தச் சங்கடத்தை அவருக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வைக்காரப் பெண் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, நாளைக்குக் காலையில ஆபீஸ் திறக்கணும். நுரைன்னா சீக்கிரம் காஞ்சிடுமாமே? சுடுதண்ணின்னா ரொம்ப நேரம் ஈரமா கிடக்கும்னு சொல்றாங்க. எது செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

மேஸ்திரி முட்டி போடப் போனார், போடவில்லை. தொண்டையைக் கனைத்தார். சட்டைக் கையை மடித்தார். மனைவியைப் பார்க்காத மாதிரி பார்த்தார். அவள் மாஸ்க்கை இறக்கிவிட்டு முக்கி முக்கி இழுத்தாள். ஒரு பொட்டு வாசனை ஏறவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து, நடப்பது நடக்கட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"மேலாப்புல இருக்கிற அழுக்குதான் போல. மண்ணும் தூசியும்."

அவர் முகம் தெளிந்தது. குனிந்தார், இழுத்தார், நிமிர்ந்தார். "மேலாப்பு அழுக்குதாம்மா. மண்ணும் தூசியும். நுரையே போதும்."

தூசியை உறிஞ்சினார்கள். நுரையைப் பரப்பி, சுழலும் பிரஷ்ஷைக் கொண்டு தேய்த்தார்கள். காய்ந்ததும் பொடியாக உதிர்ந்த அழுக்கை மறுபடி உறிஞ்சி எடுத்தார்கள். ஒற்றையடிப் பாதை மறைந்து, கார்ப்பெட்டின் நீல நிறம் வெளியே வந்தது. இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட் திறந்தது. மேற்பார்வைக்காரப் பெண் ஓர் அடி எடுத்து வைத்தாள், அப்படியே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"அண்ணே! என்ன இது?"

"எதும்மா?" என்றார் அவர்.

"எது?" என்றாள் மனைவியும்.

"புளிச்ச பால் நாத்தம் குடலைப் பிடுங்குது! உங்க ரெண்டு பேருக்குமா தெரியல?"

எப்போதோ காபி மெஷினுக்குப் பக்கத்தில் பால் கொட்டி, கார்ப்பெட்டின் அடிவரை இறங்கிக் காய்ந்து கிடந்திருக்கிறது. மேலே போட்ட நுரையின் ஈரம் உள்ளே இறங்கி, தூங்கிக்கொண்டிருந்ததைத் தட்டி எழுப்பிவிட்டது. எடுத்த எடுப்பிலேயே சுடுதண்ணீர் அடித்து உறிஞ்சியிருக்க வேண்டிய கார்ப்பெட் அது. தொழிலில் அரிச்சுவடி படிப்பவன்கூடச் செய்யாத தப்பு.

மனைவி முந்திக்கொண்டாள். "என் தப்புதாம்மா. நுரையில ஏதோ மாத்திக் கலந்துட்டேன். அவர் அப்பவே சொன்னாரு, நான்தான்..."

"சும்மா இரு," என்றார் மேஸ்திரி. குரல் உயரவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "எனக்கு மோப்பம் போயிடுச்சும்மா. மழைக்காலத்துல வந்த காய்ச்சலோட போச்சு. ஒரு வாசனையும் தெரியறதில்ல. இவ சொல்றதக் கேட்டுத்தான் இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்."

"நான் கண்டுபிடிச்சது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி.

"சட்டை தீஞ்ச அன்னிக்கு நீ என்னைப் பார்த்த பார்வையிலயே தெரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ அவ்வளவு நல்லா நடிச்ச. கெடுக்க மனசு வரல." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "பயமாவும் இருந்துச்சு. மூக்கு இல்லன்னா அப்புறம் நான் எதுக்கு? நீயே தனியா பார்த்துக்குவ. நான் வண்டிக்குக் காவலா உட்கார்ந்திருக்கணும்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உங்க மூக்கையா நான் கட்டிக்கிட்டேன்?" என்று ஒரு சத்தம் போட்டாள். மூக்கை உறிஞ்சப் பார்த்தாள், அடைப்பு விடவில்லை. "எனக்குச் சளிங்க. காலையிலிருந்து ஒரு மண்ணும் தெரியல. சும்மா அடிச்சு விட்டேன்."

மேற்பார்வைக்காரப் பெண்ணுக்கு முதலில் என்ன முகம் வைப்பதென்று தெரியவில்லை. அப்புறம் பொத்திய கைக்குள்ளேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரிண்ணே, இப்ப என்ன செய்யறது?"

"மறுபடி செய்யறதுதான். மின்விசிறி வச்சா காலைக்குள்ள காஞ்சிடும். அதுக்கு நான் பொறுப்பு."

புளித்த பாலைக் கரைக்கும் மருந்தைக் காபி மெஷினைச் சுற்றிக் கொட்டி ஊறவிட்டார்கள். பிறகு பெரிய இயந்திரம் இரைந்தது. கொதிக்கும் தண்ணீர் உள்ளே பாய்ந்து, கலங்கிய கஞ்சியாகத் தொட்டிக்குத் திரும்பி வந்தது. ஆவி குபுகுபுவென்று எழுந்து மனைவியின் முகத்தில் அடித்தது. அடித்ததும் ஒரு பக்கத்து அடைப்பு திறந்துகொண்டது.

"ஐயோ, நாறுதுங்க!" என்று கத்தினாள். பரீட்சையில் பாஸான பிள்ளைகள்தான் அப்படிக் கத்தும்.

"எங்க?"

"உங்க காலுக்கிட்ட. இன்னும் கொஞ்சம் சுவரோரமா. அங்கதான், அங்கதான்!"

அவள் தவழ்ந்து தவழ்ந்து முகர்ந்தாள். அவர் குழாயை அவள் சொன்ன இடத்துக்குத் தள்ளினார். எவ்வளவு மெதுவாக இழுக்க வேண்டும், எங்கே நிறுத்தினால் கார்ப்பெட் ஊறிவிடும் என்பதெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும். "இருக்கு... குறையுது... போச்சு" என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் அடுத்த பட்டைக்கு நகர்ந்தார். வேலை முடிந்ததும் மேற்பார்வைக்காரப் பெண் வந்து குனிந்து முகர்ந்து பார்த்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, தன் பங்குக்கு ஒரு மின்விசிறியையும் இழுத்துவந்து வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தார்கள். மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இப்ப எப்படி வாசம் வருது?" என்றார் அவர்.

"துவைச்சு காயப்போட்ட போர்வை மாதிரி. கொஞ்சம் சோப்பு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லையே."

அவர் கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வெட்கப்பட்டு, பிறகு கேட்டுவிட்டார். "நான்?"

அவள் சாய்ந்து, அவர் கழுத்தடியில் முகத்தை வைத்து, நன்றாக ஓர் இழுப்பு இழுத்தாள்.

"நீங்க அப்படியேதான் இருக்கீங்க," என்றாள், மூக்கை எடுக்காமலே.