நிழலுக்கு ஒரு தேவதாரு

ஆல்தியா அறுபத்தெட்டு வயது வரைக்கும் வாய்திறக்காமல் வைத்திருந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஆற்றங்கரை இடுகாட்டில், அவளுடைய அம்மாவைப் புதைத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தேவதாரு மரத்தடியில் அவளுடைய பெண் குழந்தை கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால், பதினாறு வயதில் பெற்றது. அழாமலே பிறந்து அழாமலே போனது. அம்மாதான் யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்ப் புதைத்து, தலைமாட்டில் ஒரு கன்றை நட்டுவிட்டு வந்து, "இனிமே இந்தப் பேச்சு வேணாம்" என்றாள். பேச்சு அன்றோடு நின்றது. மரம் மட்டும் வளர்ந்தது.

ஹார்லோ தீவில் எங்கள் ஆட்கள் கல் நடுவதில்லை. செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையையோ சாப்பிட்ட தட்டையோ உடைத்து மண்மேல் வைப்பார்கள், அவ்வளவுதான் அடையாளம். அந்தக் குழந்தை எதில் குடித்தது, எதை உடைத்து வைக்க? அதனால்தான் மரம்.

புதைத்த இடத்தில் செடிகொடியை வெட்டுவதும் கிடையாது. அடிமைகளாகக் கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்டு, நெல் வயலில் முதுகொடிந்து செத்த ஜனம். அங்கேயாவது யாரும் எழுப்பாமல் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் மரியாதை. புதர் மண்டும், கொடி ஏறும். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

கோல்ஃப் மைதானக்காரர்கள் நினைத்தார்கள். தீவில் பாதியை வாங்கி வேலி போட்டு, வாசலில் காவலாளியையும் நிறுத்தியவர்களுக்கு, வேலிக்குள் மாட்டிக்கொண்ட இடுகாடு கண்ணை உறுத்தியது. கவனிப்பாரற்ற இடம், எலும்புகளை வேறெங்காவது மாற்றிவிடலாம் என்று மாவட்ட நிர்வாகமான கவுண்டி அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். மரியாதைக்கு இப்படி ஒரு பெயர் உண்டென்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பராமரிக்கிறோம் என்பதற்குத் திங்கட்கிழமைக்குள் போட்டோ காட்டச் சொன்னது அலுவலகம். வேறு வழியில்லாமல், சனிக்கிழமை புதரை வெட்டுவதென்று சர்ச்சில் முடிவானது. தலைமை ஆல்தியாவின் தம்பி லின்வுட்.

முந்தின நாள் சாயங்காலம் அவன் மோட்டார் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது ஆல்தியா பக்கத்தில் போய் நின்றாள்.

"எல்லாத்தையும் மொட்டையடிச்சிராதடா. ஆத்தோரமா இருக்கிற தேவதாருவ விட்டுரு."

"அங்க வரிசையா நிக்குதேக்கா. எத விடச் சொல்ற? எதுக்கு?"

"நிழலுக்குத்தான்."

லின்வுட் விழுந்து விழுந்து சிரித்தான். "செத்தவங்களுக்கு வேர்க்கவா போகுது? மரம் மறைச்சா போட்டோல ஒண்ணும் தெரியாதுக்கா."

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்ததுதான். "நாளைக்கு நானே வந்து காட்டுறேன், அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் ஆண்கள் ரம்பமும் டிராக்டருமாகக் கிளம்பிப் போனார்கள். வாசலில் அவர்களை ஒருவரும் நிறுத்தவில்லை. கறுப்பு முகம், கிழிந்த சட்டை, கையில் ரம்பம். புல்வெட்ட வந்தவர்கள் என்று கைகாட்டி அனுப்பிவிட்டார்கள். ஆல்தியா அவர்களுக்காகத் தக்காளிச் சோறும் பொரித்த மீனும் செய்து எடுத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்கப் போகிறோமே என்று சர்ச்சுக்குப் போடும் உடுப்பும் தொப்பியுமாகப் பின்னால் போனாள். காரை ஓட்டியது பக்கத்து வீட்டு யூனிஸ், தீவின் வானொலி நிலையம். அவள் காதில் விழுந்தது மதியத்துக்குள் ஊருக்கே சாப்பாடாகிவிடும்.

"உள்ள போறதுக்குப் பாஸ் இருக்கா?" என்றான் காவலாளி. பேரன் வயசிருக்கும்.

"எங்க அம்மாவப் பாக்கப் போறேன்."

"எந்த வீட்டுல இருக்காங்க?"

"வீட்டுல இல்லப்பா, மண்ணுக்குள்ள."

"இன்னிக்குப் போட்டி நடக்குது மேடம். பாஸ் இல்லாம யாரையும் விட முடியாது. ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன், ஓரமா நில்லுங்க."

"ஏன்டா, வேலைக்காரன்னா விடுவ, சொந்தக்காரின்னா விட மாட்டியா?" என்று யூனிஸ் எகிறினாள். அவன் போனை எடுத்து ஆபீஸைக் கூப்பிட்டான்.

ஓரமாக நின்றார்கள். ஆற்றுப் பக்கமிருந்து ரம்பச் சத்தம் கேட்டது. முதலில் பொடிப்பொடியாக, புதரை வெட்டுகிற சத்தம். பிறகு ஒரே சீராக, தடித்து. ஆல்தியா உடனே லின்வுட்டைப் போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். சாப்பாடு மடியில் ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் எடுத்தான். "என்னக்கா, எங்க இருக்க?"

"தேவதாருவ வெட்டாத. லின்வுட், தேவதாருவத் தொடாத!"

"சத்தத்துல ஒண்ணும் கேக்கல. எது?"

"என் புள்ள இருக்குடா அதுக்கடியில!" தொண்டை கிழியக் கத்தினாள். "நான் பெத்த பொண்ணு! மரத்தத் தொடாதடா!"

காவலாளி பேசிக்கொண்டிருந்த போனைக் கீழே இறக்கினான். யூனிஸின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. போனில் ரம்பம் ஓய்ந்துவிட்டது.

"அக்கா," என்றான் லின்வுட். குரலே மாறியிருந்தது. "வெறும் நிழலுக்குத்தானேன்னு நெனச்சு ஆத்தோரத்துலயே மொதல்ல ஆரம்பிச்சிட்டோம். வேரோட புடுங்கி மண்ணையும் சமப்படுத்தியாச்சுக்கா."

காவலாளி தடுப்பைத் தூக்கிவிட்டான்.

உள்ளே வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. கோப்பைகளும் தட்டுகளும் வெயிலில் மின்னின. அம்மாவின் நீலக்கிண்ணமும் அதன் இடத்தில் இருந்தது. அதற்கப்பால் ஆறு வரைக்கும் கிளறி நிரவிய மண். மரம் இருந்தவரை ஆல்தியா தூரத்தைக் கணக்கு வைத்துக்கொண்டதே இல்லை. அங்கே போய் நின்றாள், இங்கே வந்து நின்றாள், பிறகு மண்ணில் உட்கார்ந்து அழுதாள். ஐம்பத்திரண்டு வருஷமாக அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுதாள். யூனிஸ் அவளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதாள். அன்று கேட்டதை அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்காகவே அவளுடைய மற்ற வம்பையெல்லாம் மன்னிக்கலாம்.

திங்கட்கிழமை போட்டோக்களைப் பார்த்த அதிகாரிகள், எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டினார்கள். மைதானக்காரர்களின் மனு தள்ளுபடியானது. அடையாளம் உள்ள புதைகுழிகளையெல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, "வேற ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார்கள். ஒன்று இருக்கிறது என்றாள் ஆல்தியா. எங்கே என்று கேட்டார்கள். அவளால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

இலையுதிர் காலத்தில், புல் விதைத்துச் சுற்றிலும் கம்பி கட்டிய இடுகாட்டில் நினைவுப் பலகை திறந்தார்கள். மேயர் வந்தார், பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள், எல்லோரும் புதுப் புல்மேல் நடந்துபோய்ப் பலகையைத் தொட்டுப் பார்த்தார்கள். லின்வுட் மட்டும் கம்பிக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

ஆல்தியா கம்பியருகே வந்தாள். "எல்லாரும் தேடுறாங்க. உள்ள வாடா."

"எங்க கால வெக்கிறதுன்னு தெரியலக்கா," என்றான்.

அவள் திரும்பிப் புல்லைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. கம்பியைத் தாண்டி வெளியே வந்து, தம்பியின் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.