அவல் தட்டுக்குப் பத்துப் பேர்

மனிதர்களை அவர்கள் வாங்கும் சாமான்களை வைத்து எடைபோடுவது என் பழக்கம். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் குலசேகரம் அண்ணையின் பலசரக்குக் கடையில் நாலு வருடமாகக் காசு வாங்கும் இடத்தில் நிற்கிறவளுக்கு வேறென்ன பழக்கம் வரும்? மெல்லிய அவல் வாங்கினால் குஜராத்திக்காரர், பொரித்து மிக்சர் செய்வார்கள். சிவப்பு அவல் வாங்கினால் எங்கள் ஆள், சரஸ்வதி பூசை நெருங்குகிறது என்று அர்த்தம். தடித்த வெள்ளை அவல், தேங்காய், ஏலக்காய், பேரீச்சம்பழம் எல்லாம் ஒரே கூடையில் வந்தால் அது யார் என்று 1988 ஐப்பசி வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தக் கூடையோடு வந்தவர் ரஹேல் பென்கர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சேலை, அதற்கு மேல் கம்பளிக் கோட்டு, காலில் ஆண்கள் போடும் சப்பாத்து.

"பிள்ளையாருக்குப் படைக்கவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எங்களுக்குள் அதுதான் பொது மொழி. அவருடைய ஆங்கிலம் பம்பாய், என்னுடையது கொக்குவில்.

"இல்லை, எலியா தீர்க்கதரிசியை நினைத்து. நான் யூதப் பெண். பம்பாயில் இருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இங்கே பக்கத்தில் ஜெபாலயம் எங்கே இருக்கிறது?"

சேலை கட்டிய யூதரும் உண்டா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "கொங்கணக் கரையில் இரண்டாயிரம் வருடமாக இருக்கிறோம். நீங்கள்தான் கவனிக்கவில்லை," என்றார். எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போனது.

பிறகு வாரா வாரம் வந்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை, தெருமுனை லோண்டரிக்கு மேல் ஒரு சின்ன பிளாட். கணவர் ஷாலோம் அந்த வருடம் மாசியில் பம்பாயில் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. வரும் மாசியில் அவருக்கு ஆண்டு நிறைவு. அன்றைக்குச் சொல்ல வேண்டிய பிரார்த்தனை ஒன்று இருக்கிறதாம். மகன் இல்லாவிட்டால் வேறொரு ஆண் சொல்லலாம். ஆனால் பத்து யூத ஆண்கள் ஒன்றாக நின்றால்தான் சொல்லலாம். ஒன்பது பேர் என்றால் வாயே திறக்க முடியாது. லண்டனுக்குப் போனாலும் அந்தப் பத்துப் பேரை நிறுத்துவேன் என்று கணவரின் கல்லறையில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இரண்டு பஸ் மாறி ஒரு ஜெபாலயத்துக்குப் போனார். நாலு சனிக்கிழமை, மேல்மாடியில் பெண்கள் பகுதியில் இருந்தார். ஒருத்தி, துப்புரவு வேலைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, மாட்டிவைக்கச் சொல்லித் தன் கோட்டை நீட்டினாளாம். இன்னொருத்தி எப்போது மதம் மாறினீர்கள் என்று விசாரித்தாளாம். ஐந்தாவது வாரம் அங்கத்துவம் கேட்டு எழுதினார். பத்துப் பேரை அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். பதிலைக் கார்த்திகை மாதம் கடைக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். செயலாளர் பெர்க்மன் என்று கையெழுத்து. யூதர்தான் என்று காட்ட இரண்டு கேட்டிருந்தார். ஒன்று, பெற்றோரின் கலியாணப் பத்திரம். இரண்டு, சொந்த ஊர் மதத் தலைவரின் அத்தாட்சிக் கடிதம். இவை வந்து பரிசீலித்த பிறகுதான் ஆள் அனுப்புவது பற்றி யோசிக்கலாம்.

"பத்திரம் இருக்கிறதா?"

"தகரப் பெட்டியில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. கூழாகத்தான் அள்ளினோம்."

என் அகதி விண்ணப்பத்துக்கு ஹோம் ஒபிஸ் அனுப்பிய கடிதத்தின் தம்பி மாதிரி இருந்தது அது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டோடு என் பிறப்புச் சான்றிதழும் எரிந்தது. அது இல்லாமல் நீ யாரென்று எப்படி நம்புவது என்று கேட்ட அதிகாரிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் நான். இப்போது அந்தப் பல் சும்மா இருக்க மறுத்தது.

"நான் கெஞ்சப் போவதில்லை," என்றார் ரஹேல். "எங்கள் ஆட்கள் லண்டனில் இல்லாமலா இருப்பார்கள்? ஆனால் இவ்வளவு பெரிய ஊரில் எங்கே போய்த் தேடுவது?"

"எங்கே இருந்தாலும் அவல் வாங்கத்தானே வேண்டும்?" என்றேன்.

அன்றைக்கே ஒரு பெட்டி மட்டையில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். எலியா தீர்க்கதரிசிக்காக அவல் வாங்கும் யூதர்கள் பாலாம்பிகையிடம் பெயரைக் கொடுக்கவும், ரஹேல் பென்கர் வீட்டுப் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் தேவை. அதை அவல் தட்டுக்கு மேலே ஒட்டினேன். இன்னும் இரண்டு எழுதி, எங்களுக்குச் சாமான் இறக்கும் லொறிக்காரரிடம் தெற்கே ஸ்ட்ரெதம் கடைக்கும் வடக்கே எட்மண்டன் கடைக்கும் கொடுத்துவிட்டேன்.

குலசேகரம் அண்ணை பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது நல்ல சகுனம் இல்லை.

"பாலாம்பிகை, இது கடையோ, கலியாணப் புரோக்கர் ஒபிஸோ? உதைக் கழட்டும்."

"கழட்டமாட்டன் அண்ணை."

"ஏன் கழட்டமாட்டீர்?"

"அது கழண்டா நானும் கழண்டுபோடுவன். கிறிஸ்மஸ் நேரம் ஆள் எடுக்க ஏலுமெண்டா எடுங்கோ."

அண்ணை கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போய் அரிசி மூட்டைகளோடு கோபித்துக்கொண்டார்.

அறிவித்தலைப் பார்த்து முதலில் வந்தது செபமாலைமுத்து. மன்னார்க்காரர், தபால் கந்தோரில் வேலை, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்.

"தங்கச்சி, பத்துப் பேர் தேவையாமே. நான் வாறன். பழைய ஏற்பாட்டில பாதி எனக்குப் பாடம்."

"ஏலாது அண்ணை. அவை யூதரா இருக்கோணும்."

"யேசுவும் யூதராத்தானே பிறந்தவர்?"

"அவர் வந்தா சேர்ப்பம். நீங்கள் அவை இருக்கக் கதிரை தாங்கோ, அது காணும்."

எட்டுக் கதிரை தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழி நடுவில் ஸ்ட்ரெதத்தில் இருந்து ஒரு போன். கெஹிம்கர் என்ற ரயில்வே மின்தொழிலாளி. லண்டனில் பன்னிரண்டு வருடம், தன்னைப் போல நாலு குடும்பம்தான் இந்த ஊரில் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். கடையில் நின்ற ரஹேலிடம் ரிசீவரைக் கொடுத்தேன். இரண்டு பேரும் மராத்தியில் அரை மணி நேரம் பேசினார்கள், வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நான் முறைத்தேன். அந்த நாலு குடும்பத்துக்கும் தெரியாத குடும்பங்கள் எட்மண்டனில் இருந்தன. அரிசி மூட்டை பில்லின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பெயராக எழுதினேன். தைப்பொங்கலுக்கு மறுநாள் பத்தாவது பெயர் விழுந்தது. குலசேகரம் அண்ணை பில்லை எட்டிப் பார்த்துவிட்டு, "பத்துத் தேங்காய் என்ர பேரில போடும்," என்றார்.

மாசியில் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. காலையில் இருந்து ரஹேலின் குசினியில் தேங்காய் துருவினேன். ஊறவைத்த அவலில் துருவலும் சீனியும் ஏலக்காயும் பிசைந்து, பெரிய தட்டில் குவித்து, சுற்றி ஐந்து வகைப் பழம் வைத்தார். பார்க்கப் படையல் மாதிரியே இருந்தது. கற்பூரம் எங்கே என்று கேட்கும் நிலைமைக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். தேத்தண்ணிக் கோப்பைக்குக் கணக்கு வேண்டுமென்று விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். ரஹேல் என் கையில் பட்டென்று அடித்தார். ஆட்களை இலக்கம் சொல்லி எண்ணக் கூடாதாம். வேதத்தில் பத்துச் சொல் கொண்ட ஒரு வரி இருக்கிறது, ஆளுக்கு ஒரு சொல்லாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும், வரி முடிந்தால் ஆள் சரி. ஹோம் ஒபிஸ் கொடுத்த இலக்கத்தோடு மூன்று வருடம் அலைந்த எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடித்திருந்தது.

ரஹேல் சொல்லிப் பார்த்தார். ஒரு சொல் மிச்சம்.

எட்மண்டன்காரர் ஒருவர் வரவில்லை. மூன்றரைக்கு ஏதோ ஒரு ஸ்டேஷனில் இருந்து போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைத் தண்டவாள வேலை, ரயில் இல்லை, மாற்று பஸ் நகரவில்லை. அவர்களுக்கு நாள் சூரியன் மறைவதோடு முடிகிறது, அதற்கு முன்னர் பிரார்த்தனை முடிய வேண்டும். மாசி மாதத்து லண்டனில் சூரியன் ஐந்தரைக்கு மேல் தங்காது. ரஹேல் ஜன்னலோரம் போய் நின்றார். ஒன்பது ஆண்களும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரயில் மேல், கடவுள் மேல், பத்து என்று கணக்கு வைத்தவர் மேல்.

நாலேகாலுக்குக் கதவு தட்டியது. ஓடிப்போய்த் திறந்தேன். அறுபது வயது, கறுப்புத் தொப்பி, கக்கத்தில் ஒரு பைல். "நான் பெர்க்மன். ஜெபாலயத்தின் செயலாளர்," என்றார். யூதப் பிரார்த்தனை என்று ஒரு பலசரக்குக் கடையில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறதாம். பத்திரங்கள் சரிபார்த்து முடியும்வரை அந்தப் பெயரைப் பாவிக்க வேண்டாம் என்று தயவாகக் கேட்க வந்திருக்கிறாராம். கழுவ எடுத்த தேங்காய்த் துருவி என் கையோடு வந்திருந்தது. அதைக் கீழே வைக்க எனக்கு மனமில்லை.

அவர் என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தார். கிழக்கே பார்த்து நின்ற ஒன்பது பேர், தலையில் தொப்பிகள், கையில் ஓரம் கிழிந்த ஜெபப் புத்தகங்கள். ஒருவர் குறைகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. கெஹிம்கர் ரஹேலின் காதில் கிசுகிசுத்தார். அவரைக் கேள் என்றிருப்பார்.

ரஹேல் கேட்கவில்லை. அலுமாரிக்குள் இருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எங்களுக்கு ஒரு ஆள் குறைகிறது. உங்களைச் சேர்க்கலாமா என்று பார்க்க வேண்டும். உங்கள் பெற்றோரின் கலியாணப் பத்திரம் கொண்டுவந்தீர்களா?"

அவர் பகிடி என்று நினைத்தார். "என்னை இங்கே எல்லாருக்கும் தெரியும், அம்மா."

"எனக்குத் தெரியாது. நான் இந்த ஊருக்குப் புதிது."

கீழே லோண்டரி மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"வியன்னா," என்றார் அவர். "முப்பத்தெட்டில், பத்து வயதில், அப்பாவும் அம்மாவும் என்னை ரயிலில் ஏற்றி இங்கே அனுப்பினார்கள். பத்திரம் அவர்களிடம் இருந்தது. பிறகு அவர்களும் இல்லை, அதுவும் இல்லை."

ரஹேல் கடிதத்தை மடித்தார்.

"இதில் இரண்டாவது கேள்வியும் இருக்கிறது. அதை நான் கேட்கமாட்டேன். கேட்கப்படுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வருவதென்றால் உள்ளே வாருங்கள். ஆனால் தயவுக்காக வந்து நிற்க வேண்டாம். இந்த ஒன்பது பேரும் யூதர் இல்லை என்றால் உங்களோடு சேர்த்தும் பத்து ஆகாது."

பெர்க்மன் ஜன்னலைப் பார்த்தார். வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. பைலைப் படிக்கட்டிலேயே சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உதடு அசைந்தது. விரல் நீட்டவில்லை, இலக்கம் சொல்லவில்லை. ஒரு முகத்துக்கு ஒரு சொல். ஒன்பதாவது சொல் கெஹிம்கரில் விழுந்தது. பத்தாவது சொல்லுக்கு அவர் உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

பிரார்த்தனையைக் கெஹிம்கர் சொன்னார். ஷாலோம் என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. ரஹேல் குசினி வாசலில் நின்று என் கையை இறுக்கிய இறுக்கில் மோதிரம் விரலை அறுத்தது. பத்துக் குரலும் ஒன்றாக ஆமென் சொன்னபோது அவர் கண்ணீரைத் துடைக்கவில்லை, எல்லாரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு அவல் தட்டு சுற்றி வந்தது. பெர்க்மன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது படிக்கட்டில் பைலைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"அந்தக் கடிதத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாமா?"

"வேண்டாம்," என்றார் ரஹேல். "என்னிடமே இருக்கட்டும். இனி ஒரு பத்திரத்தையும் நான் தொலைப்பதாக இல்லை."