கடைசி கிளிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர்

1

காலையில் அவன் எழுகிறான். பல் விளக்குகிறான். பால் காய்ச்சுகிறான். இரண்டு தம்ளர்களை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறான்.

[கடைசி வாக்கியம் பொய். அவன் ஒரு தம்ளர்தான் எடுத்தான். மனைவியை இழந்தவர்கள் கதைகளில்தான் இரண்டு எடுப்பார்கள். அடித்துவிட்டேன். அடித்த இடம் தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன்.]

காபி குடிக்கிறான். தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறான். பழைய கம்ப்யூட்டரைப் போடுகிறான். அது கண் விழிப்பதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம். வருகிறான்.

இந்தக் கதை பிறந்தது ஒரு கம்ப்யூட்டர் கடையில். “என்ன வேலைக்கு சார்?” என்று கேட்டார்கள். அவன் பாதிப் பதில்தான் சொன்னான். மீதியை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

அவனும் அவளும் கல்யாண வீடியோ எடுப்பவர்கள். கேமரா அவள், எடிட்டிங் அவன். ஒவ்வொரு கிளிப்பின் தலையிலும் வாலிலும் அவள் குரல் இருக்கும்.

“மாப்பிள்ளை சார், மூச்சு விடலாம். இது வீடியோ.”

“போச்சு, ஃபோகஸ் போச்சு.”

“ஏங்க, எடிட்டிங்ல உக்காந்து இதைப் பார்த்துட்டிருக்கீங்களே, சாப்பிட்டீங்களா?”

எடிட்டிங்கில் முதல் வேலை அந்தத் தலையையும் வாலையும் நறுக்குவது. வீடியோவைக் கொடுத்து முடித்ததும், அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டும் என்று மூலக் கிளிப்புகளை அழித்துவிடுவது. தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஊரார் கல்யாணங்களெல்லாம் அழகாக இருக்கின்றன. எதிலும் அவள் குரல் இல்லை.

ஒரு கிளிப் மிச்சம்.* கடைசியாக எடுத்த கல்யாணத்தில், கூட்டம் கலைந்த பிறகு, புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்க எடுத்தது. பழைய கம்ப்யூட்டரால் அதை ஓட்ட முடியாது. படம் உறைந்து நிற்கும். குரல் விக்கும். அந்த வாரம்தான் அவளுக்குக் காய்ச்சல். ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவள்

[இந்த வாக்கியம் இவ்வளவுதான்.]

* போனில் அவள் பேசியது இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. எல்லாம் கேட்டாயிற்று. இன்னும் கேட்காதது இது ஒன்றுதான்.

3

கடைக்குத் துணைக்கு வந்தவன் அவள் தம்பி. வங்கியில் வேலை. வாய் அப்படியே அக்கா.

“மாமா, இந்தப் பெட்டியை எடுங்க. உள்ள ஃபேன் எல்லாம் கலர் கலரா எரியும்.”

“கம்ப்யூட்டர் வாங்க வந்தோமாடா, ராட்டினம் வாங்க வந்தோமா?”

கடைக்காரர் சிரித்தார். “என்ன வேலைக்கு சார்?”

“எடிட்டிங்.”

“போட்டோ மட்டுமா, வீடியோவுமா?”

“வீடியோ.”

“அப்ப ராம் மெமரி தாராளமா போடணும். ப்ராசஸர் இதை எடுங்க. எந்தக் கேமரா ஃபைலா இருந்தாலும் முழுங்கி ஏப்பம் விட்டுடும்.”

ஃபேன் சத்தம் போடுகிறது என்றான் அவன். வேறொன்றை ஓட்டிக் காட்டினார். அதுவும் முனகுகிறது என்றான். மானிட்டரில் சிவப்பு தூக்கலாக இருக்கிறது என்றான். போன வாரம் கிராபிக்ஸ் கார்டு பிடிக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் பெட்டியே பிடிக்கவில்லை.

கடைக்காரர் மேசைமேல் கை ஊன்றினார். “தப்பா எடுத்துக்காதீங்க. எத்தனை ஃபைல் வெச்சிருக்கீங்க?”

“ஒண்ணு.”

“ஒண்ணா? ஒரு ஃபைலுக்கா சார் இந்தப் பாடு? பழைய மெஷின்லயே அதைச் சின்ன ஃபைலா மாத்திக்கங்க. மெதுவா மாத்தும். ஆனா சாயங்காலத்துக்குள்ள ஓடிடும்.”

தம்பி திரும்பிப் பார்த்தான். “மாமா, இது உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். எடிட்டிங் கற்கப் போகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அவன் மேசைமேல் கழற்றி வைத்திருந்த ஃபேனை எடுத்து விரலால் சுற்றிவிட்டான்.

“தெரிஞ்சேதான் வாராவாரம் என்னையும் இழுத்துக்கிட்டு வரீங்களா?”

“ஆமாடா.”

தம்பி கொஞ்ச நேரம் அந்த ஃபேன் சுற்றுவதையே பார்த்தான். பிறகு அதை வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்தான்.

“சத்தம் ஜாஸ்திதாங்க இது. அடுத்த வாரம் வரோம்.”

4

முடிவுகள்.

ஒன்று: எல்லாப் பாகங்களும் கூடி வருகின்றன. கிளிப் வெண்ணெய் போல ஓடுகிறது. அவள் அவனை எவ்வளவு நேசித்தாள் என்று கேமராவிடம் சொல்கிறாள். [அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. சாப்பிட்டீங்களா என்பாள், அவ்வளவுதான்.]

இரண்டு: கிளிப்பில் குரலே பதிவாகவில்லை. மைக்கைப் போட மறந்திருக்கிறாள். [கெட்டிக்காரத்தனமான முடிவு. அவள் மைக்கை மறக்கிறவளும் அல்ல. விக்கல் விக்கலாக ஒரு சத்தம் வரத்தான் செய்கிறது. நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன்.]

மூன்று: அவன் அந்த ஃபைலை

5

ஸ்பீக்கரை அணைத்தது ‘நான்’ என்று எழுதிவிட்டேன், கவனித்திருப்பீர்கள். ‘அவன்’ என்றால் கை ஓடுகிறது. அதனால்தான் இதுவரை அவன்.

கடைக்காரரிடமும் தம்பியிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கிளிப்பைக் கேட்டுவிட்டால் அவளிடமிருந்து புதிதாக வர எதுவும் இருக்காது. தம்பி அதைச் சொல்லாமலே புரிந்துகொண்டான். ஆனால் அது பாதிதான்.

மூன்றாவது முடிவை நீங்கள் எழுதுங்கள். கேட்க வைக்கலாம், அழிக்க வைக்கலாம், அடுத்த வாரமும் கடைக்கு அனுப்பலாம். எதைச் செய்தாலும் இதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டுவதற்கு முன்னால், நர்ஸின் கையை ஒரு நிமிடம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னாள்:

“அந்தப் புதுக் கேமரா கிளிப்ல, கடைசியில என்னமோ உளறி வெச்சிருக்கேன். கேக்காம வெட்டிடுங்க.”