ஊதினால் வீங்கும் சதை

சாஃபெட்டின் இடது மூக்குக்குள் தொங்கிய சதையைத் திரையில் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. மூக்கில் வளரும் சாதாரணச் சதை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். இது ஒரு பக்கம் மட்டும், அதுவும் உச்சியிலிருந்து இறங்கியிருந்தது. இப்படிப்பட்டதில் ஸ்கேன் எடுக்காமல் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் சீஃப் ரதிவோயெக்குத் தெரியாததல்ல. முப்பது வருடக் கை என்ற திமிர்.

"ஸ்கேனுக்கு மூணு மாச வரிசை, வெரிட்சா. கொஞ்சம் கிள்ளி லேபுக்கு அனுப்ப மூணு நிமிஷம். புற்றா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஜூனில் எனக்கு மேற்படிப்புத் தேர்வு. அவர் கையெழுத்து இல்லாமல் உட்கார முடியாது. போன வருடம் அவரை எதிர்த்துப் பேசியவன் இப்போது பெல்கிரேடில் மாத்திரை கம்பெனிக்குப் பை தூக்குகிறான்.

சாஃபெட் கல்யாணங்களில் ட்ரம்பெட் ஊதுபவன். இரண்டு மாதமாக அந்த மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகுகிறதாம். "சீக்கிரம் முடிங்க டாக்டர். சனிக்கிழமை கல்யாணம். நான் போகலைன்னா என் மச்சான் ஊதுவான். அவன் ஊதினா பொண்ணு ஓடிப்போயிடும்."

"இத பிடி," என்று கேமராக் குழாயை என் கையில் திணித்துவிட்டு, சீஃப் இடுக்கி எடுக்கத் திரும்பினார். குழாய் மூக்குக்குள்ளேயே இருந்தது. சாஃபெட் பயத்தை அடக்க, சட்டைப்பையில் இருந்த ட்ரம்பெட்டின் வாய்த்துண்டை உதட்டில் வைத்து மெல்ல ஊதினான்.

திரையில் சதை வீங்கியது. நிறுத்தினான், சுருங்கியது. ஊதும்போது மண்டைக்குள் அழுத்தம் ஏறும்; சாதாரணச் சதை அதற்கு வீங்காது. அது மூக்குச் சதையே இல்லை. மண்டையோட்டில் எங்கோ ஓட்டை, அதன் வழியாக மூளையின் உறை பையாகப் பிதுங்கி இறங்கியிருக்கிறது. ஒழுகியது சளி அல்ல, மூளை நீர். கிள்ளினால் கிருமி நேராக மூளைக்குப் போகும்.

"சீஃப், வேண்டாம்."

"குழாய ஆட்டாம பிடி." இடுக்கி மூக்கை நெருங்கியது.

நான் குழாயை வெளியே உருவிவிட்டேன். திரையில் என் செருப்பு தெரிந்தது.

"பைத்தியம் பிடிச்சிடுச்சா உனக்கு? உன் படிப்பு இன்னியோட முடிஞ்சது. கிளம்பு!"

"கிளம்பறேன். ஒரே ஒரு தடவ பாருங்க." குழாயை மறுபடி நுழைத்தேன். "சாஃபெட், முன்ன மாதிரியே மெதுவா ஊதுங்க."

"என்ன பாட்டு வேணும் டாக்டரம்மா?"

"ஏதாவது ஊதித் தொலைங்களேன்!"

ஊதினான். வீங்கியது. சீஃப் திரையைக் குனிந்து பார்த்தார். இடுக்கியைத் தட்டில் வைத்தபோது சத்தம்கூட வரவில்லை.

அவர் செய்த ஒரே ஒரு போன் காலில் மூன்று மாத வரிசை இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. ஸ்கேனில் பருப்பு அளவு ஓட்டை தெளிவாகத் தெரிந்தது. தொடையிலிருந்து ஒரு சவ்வை எடுத்து மூக்கு வழியாகவே அடைத்துவிடலாம். ஆறு மாதம் ட்ரம்பெட்டைத் தொடக் கூடாது என்றதும் சாஃபெட் மச்சானை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது சீஃப் வந்து கதவருகே நின்றார்.

"பதினஞ்சு வருஷம் முன்னாடி, அதே நாற்காலி. பதினாறு வயசுப் பொண்ணு. கிள்ளினதும் தண்ணியாக் கொட்டுச்சு. சளின்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"ஆறாம் நாள் போயிட்டா." உள்ளே வந்து என் மூட்டையின் மேல் கை வைத்தார். "அன்னிக்கும் உன்ன மாதிரி ஒருத்திதான் குழாயப் பிடிச்சிருந்தா. சதை துடிக்கறத அவ பார்த்திருக்கா. என்கிட்ட சொல்லப் பயம். சாவுக்கு அப்புறம்தான் அழுதுக்கிட்டே சொன்னா. அப்பவும் நான் திருந்தல; நீ மூட்டையப் பிரி."